குதிரைக் காரின் வலப்பக்க சீட்

திண்டுக்கல்லிலேயே வேகமான கார் எங்கள் பிராங்கிளின் மாமாவுடையது. திண்டுக்கல்லிலேயே மெதுவாகப் போன காரும் அதேதான். முதலாவதற்கு அமெரிக்காக்காரன் பொறுப்பு. இரண்டாவதற்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது.

மாமா என் அம்மா ஜோஸ்பினுக்குத் தம்பி. கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தொண்ணூற்றொன்றில் வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தேங்காய்க் குடோனுக்கு மோட்டார் பார்க்கப் போனவர், மூலையில் கோழி அடைந்து கிடந்த சிவப்புக் காரைப் பார்த்துவிட்டு மோட்டாரை மறந்துவிட்டார். கொடைக்கானலில் இருந்த அமெரிக்கர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. அறுபத்தேழாம் வருஷத்து மஸ்டாங். முகப்பில் ஒரு குதிரை ஓடிக்கொண்டே இருக்கும். பானட்டுக்குள் எட்டு சிலிண்டர், இருநூறு குதிரை சக்தி. "வைக்கோல் லாரிக்கே நூத்திச் சொச்சந்தாம்லே" என்று மாமா கேட்காதவர்களுக்கும் சொல்வார். வீட்டுக்கு இழுத்து வந்து ஒன்றரை வருஷம் பிரித்துப் பிரித்து மாட்டினார். பின்சீட்டுக்கு அடியில் பதினோரு முட்டை இருந்தது. ஒன்றை எடுத்து பக்கத்து சைக்கிள் கடை மூக்கையாவின் சட்டைப்பையில் வைத்தேன். அது நல்ல முட்டை இல்லை.

டிக்கியில் ஒரு கட்டு அமெரிக்கக் கார் பத்திரிகைகளும் கிடந்தன. மாமா படம் பார்த்தே படித்தார். அந்த ஊரில் இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடி, பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் எஞ்சினை ஒருவர் பார்த்து மெச்சிக்கொள்வார்களாம். மாமாவும் இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் பானட்டைத் திறந்து வைத்து நின்றார். கூடுவதற்கு வேறு வண்டி இல்லை. மாமா தனியாக நிற்பதைப் பொறுக்காத மூக்கையா, தன் டிவிஎஸ் ஐம்பதைப் பக்கத்தில் நிறுத்தி அதன் மூடியையும் கழற்றி வைத்தார். பூசை முடிந்து வந்த கன்னியாஸ்திரிகள் இரண்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவும் இருந்து, அந்த வண்டி ஐந்து வருஷமாக ஒரு மாட்டு வண்டியைக்கூட முந்தியதில்லை. காரணம் சின்னது. அமெரிக்க வண்டிக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம். நம் ரோட்டில் இடது ஓரமாகப் போகும்போது முன்னால் ஒரு லாரி இருந்தால், மாமாவுக்குத் தெரிவது லாரியின் பின்பலகை மட்டும். எதிரே என்ன வருகிறது என்று வலப்பக்க சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா உட்கார்ந்தால், லாரியைக் கண்டதும் கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' தொடங்கிவிடும். ஜெபம் முடிவதற்குள் வழி போய்விடும். மூக்கையா உட்கார்ந்தால் எப்போதும் "போ போ போ"தான். அவருக்குக் கிட்டப் பார்வை என்பது, சின்னாளபட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு பூசணிக் கொல்லைக்குள் நாங்கள் இறங்கிய பிறகு தெரிந்தது.

மிச்சம் நான். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதிலிருந்து எனக்கு நேரம் நிறைய இருந்தது.

"ஏ ரூபி, வருதா?" என்பார் மாமா.

"வருது மாமா."

"இப்ப?"

"இன்னொண்ணு வருது."

ஒன்றும் வராது. ரோடு காலியாகக் கிடக்கும். தேங்காய் மூட்டையோடு சைக்கிளில் போகும் சோலைமுத்து, "என்ன பிராங்கிளினு, குதிரைக்குக் கால் நோவா?" என்று மணியடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போவார். எனக்குச் சிரிப்பு தாங்காது. ஆனால் சிரிப்புக்காக மட்டும் பொய் சொல்லவில்லை. முந்தினால் ஊர் சீக்கிரம் வந்துவிடும். வந்தால் இறங்க வேண்டும்.

மாமாவுக்கு முப்பத்தாறு ஆகியும் கல்யாணம் ஆகாததற்கும் அந்த சீட்டுதான் காரணம். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம், "வலப்பக்கம் உக்காந்து ரோடு பாத்துச் சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிடுவார். நிலக்கோட்டையில் ஒரு தகப்பனார், "எம் பொண்ணு என்ன லாரிக் கிளீனரா?" என்று எழுந்தே போய்விட்டார். அப்படி நாலு இடம் போனது.

தொண்ணூற்றெட்டில் வடமதுரையிலிருந்து ஐந்தாவது வரன் வந்தபோது அம்மா வேதாகமத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது.

"ஏலே, இதுல கை வை. இந்தப் பொண்ணும் வேணாம்னுட்டா வண்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன்னு சொல்லு."

மாமா என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அவர் கை வைத்தார்.

பெண்ணின் பெயர் ஆனந்தமேரி. திருச்சி ரோட்டோரம் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா ராயப்பராஜ் வெங்காயம் போடுகிறவர். சிரிப்பதைச் செலவாக நினைக்கிற முகம். அவர்கள் வீட்டுக்கு அம்மாவோடு காரிலேயே போய் இறங்கினோம். காபி வந்தது, பஜ்ஜி வந்தது. ஓரமாகப் போய்ப் பேசச் சொன்னார்கள். பஜ்ஜித் தட்டோடு நானும் ஓரமாகப் போனேன்.

கேட்க வேண்டாம் என்றுதான் மாமா நினைத்திருப்பார். கேட்டுவிட்டார்.

டீச்சர் யோசித்தது. "தெனமும் காலையில ஒம்பது மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் நாப்பது புள்ளைகள மெயின் ரோட்டுல தாண்ட வைக்கிறேன். எந்த லாரி எம்புட்டு வேகத்துல வருதுன்னு பாக்குறதுதானே என் பொழப்பே. வண்டி எங்க நிக்குது?"

"அய்யலூர் வரைக்கும் போயிட்டு அஞ்சு நிமிசத்துல வந்துருவோம்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். துணைக்கு என்னைப் பின்சீட்டில் மடித்து வைத்தார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. ரோட்டை அடைத்துக்கொண்டு கர்ப்பிணி மாதிரி போனது. மாமா வழக்கம்போல அதன் பின்னால் ஒடுங்கினார்.

"வருதாங்க?"

"ஒரு பஸ் வருது. போகட்டும். அதுக்குப் பின்னால மொபெட்டு... ம்... இப்பப் போங்க."

"இப்பன்னா?"

"இப்பன்னா இப்பத்தாங்க! மிதிங்க!"

மாமா மிதித்தார். ஐந்து வருஷமாகக் கோயில் மைதானத்தில் உறுமிக்கொண்டு மட்டும் இருந்த எட்டு சிலிண்டரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. என் தலை பின்சீட்டில் போய் ஒட்டியது. பஜ்ஜி ஒன்று பறந்தது. வைக்கோல் லாரி எங்களைக் கடந்து பின்னால் போனது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மாமா, "யாத்தே!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

அடுத்தது டேங்கர். "இப்ப." அடுத்தது ஒரு தனியார் பஸ். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. "இருங்க... இருங்க... இப்ப!" நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டு, ஒன்பது. அய்யலூர் வந்தது, போனது. யாரும் கவனிக்கவில்லை. பத்தாவது வண்டியை நெருங்கும்போது பழக்க தோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"மாமா, வருது!"

டீச்சர் மெல்லத் திரும்பியது. "எங்க வருது?"

ஒன்றாம் வகுப்பில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அப்போது புரிந்தது. "...வரல டீச்சர்."

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஏ புள்ள! அஞ்சு வருசமா வருது வருதுன்னியே, அம்புட்டும் பொய்யா?"

"பாதி மாமா."

"ரோட்டப் பாருங்க" என்றது டீச்சர். "இப்ப!" பத்தாவதும் பின்னால் போனது. என்னைத் திட்ட மாமாவுக்கு நேரமே கிடைக்கவில்லை.

பதினாலாவது வண்டியை முந்தியபோது மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ஐந்து நிமிஷம் என்று போனவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் வீட்டு வாசல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அம்மா ஜெபமாலையைப் பாதிக்கு மேல் உருட்டியிருந்தது. தெருவே நின்றது. பெரியவர் கையில் வெங்காய மூட்டையைக் குத்திப் பார்க்கிற கம்பி இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

"எங்கம்மா போன?"

"மணப்பாறைக்குப்பா."

மாமா நீட்டிய முறுக்குப் பொட்டலத்தை யாரும் வாங்கவில்லை. பெரியவர் மகளையே பார்த்தார்.

"சரி, அதான் ஊரே பாக்குற மாதிரி போயிட்டு வந்துட்டியே. புடிச்சிருக்கா, இல்லையா? சொல்லு."

அம்மாவின் ஜெபமாலை நின்றது. மாமாவின் கை தன்னால் காரின் கூரை மேல் போய் உட்கார்ந்தது.

டீச்சர் நெற்றியைச் சுருக்கியது. "ஆள இன்னும் சரியாப் பாக்கலப்பா. வழி நெடுக ரோட்டத்தானே பாத்துட்டு வந்தேன்."

"அப்ப இப்பப் பாரு."

டீச்சர் திரும்பிப் பார்த்தது. காற்றில் மாமாவின் முடி கோபுரமாக நின்றது. சட்டைக் காலரில் வைக்கோல். மீசையில் முறுக்குத் தூள். கண்கள் இரண்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி. அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பொத்தியும் நிற்கவில்லை, கார் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தது.

"சரிப்பா" என்றது நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு. "இவரே இருக்கட்டும்."

தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் பேசியது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டது. நான்தான் கிட்டத்தில் இருந்தேன். மாமா மட்டும் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் தோள் குலுங்குவது யாருக்கும் தெரியாதபடி அந்தப் பக்கமாகப் போய் நின்று மறைத்தேன்.

பெரியவர் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாக வந்தார். அவரும் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எட்டு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"லிட்டருக்கு எம்புட்டுக் குடுக்கும், மாப்ள?"

மாமா தலையை வெளியே எடுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயிருந்தே சொன்னார்:

"குடுக்காதுங்க மாமா. வாங்கும்."