என் ஆணியில் தொங்கிய நீலம்

கோப்பாயில் எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் மூன்று வருடங்களாக நான்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த கந்தோரில் எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று, பொன்னாடையும் ரோசாப்பூ மாலையுமாக எடுத்த பெரிய படம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழற்றினார்கள். சுவர் காய்ந்த பிறகு அங்கே ஏறியது நானல்ல.

ஆசிரியையான என் மனைவி, யாழ்ப்பாணத்தில் நடந்த கண்காட்சியொன்றில் ஓர் ஓவியம் வாங்கி வந்து என் ஆணியிலேயே மாட்டினாள். ஆளில்லை, மரமில்லை, சாமியுமில்லை. முழுக்க நீலம், அதற்குள் கரைகிற சாம்பல், மூலையில் துளி மஞ்சள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தேத்தண்ணியோடு என்னிடம்தான் அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். இப்போது அதன் முன்னால் கதிரையைப் போட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாள்.

"உதிலை என்ன இருக்கெண்டு பாக்கிறீர்?"

"ஒண்டும் இல்லை. அதுதான் சுகமா இருக்கு."

"என்ரை படத்திலை என்ன குறை?"

"அது தேத்தண்ணி எங்கையெண்டு கேக்கிற மாதிரியெல்லோ முழிச்சுக்கொண்டு நிக்கும்!"

பக்கத்து வீட்டுக்காரரும் வந்து அரைமணித்தியாலம் இருந்துவிட்டு, "மனம் அப்பிடியே அமருது அண்ணை" என்றார். என் படம் இருந்த காலத்தில் மனிதர் ஐந்து நிமிடம் தாண்டியதில்லை.

மனைவி கரவெட்டியில் தமக்கை வீட்டுக்குப் போன சனிக்கிழமை, நீலத்தை இறக்கி அலுமாரியோடு சாய்த்துவிட்டு என்னை ஏற்றினேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு எதிரே அமர்ந்தேன். ஒரு மிடறுகூட நிம்மதியாக இறங்கவில்லை. பொன்னாடை போர்த்த அந்த ஆள் எந்த நேரமும் நன்றியுரையைத் தொடங்கிவிடுவான் போல இருந்தது. அவனோடு ஒரே கூடத்தில் இருக்க என்னாலேயே முடியவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் அவனை இறக்கி, நீலத்தைப் பழையபடி மாட்டினேன்.

ஞாயிறு பின்னேரம் வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஆர் உதைத் தொட்டது? சரிஞ்செல்லோ நிக்குது."

"பல்லியாக்கும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சட்டத்தின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தள்ளி நேராக்கினாள். டெங்குக் காய்ச்சலில் நான் கிடந்தபோதுகூட என் நெற்றியை அவ்வளவு பக்குவமாகத் தொட்டதாக ஞாபகமில்லை.

"இஞ்சை வந்து இருங்கோ. ஆனா வாய் திறக்கக்கூடாது."

கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு நிமிடம் தாக்குப்பிடித்திருப்பேன்.

"அந்த மஞ்சள் என்னத்துக்கு?"

படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைப் பிடித்து அமத்தினாள். வாயை மூடச் சொல்லித்தான் அது, எனக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. உடனே சாம்பலைப் பற்றிக் கேட்டேன்.