நாப்பத்தி ஒண்ணு, முத்துலட்சுமி

தடுப்பூசி முகாமில் டோக்கன் கொடுத்துப் பேர் கூப்பிடுகிற வேலைக்குப் படிப்பு வேண்டாம், தொண்டை வேண்டும். என்னிடம் எட்டாம் வகுப்பு இருந்தது, தொண்டைதான் இல்லை. செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது அந்த வேலை கிடைத்தது. வெயிலில் வரிசையில் நின்ற உங்களுக்கெல்லாம் எங்கள் மேல் கோபம் இருக்கும். மேசைக்கு இந்தப் பக்கமும் நிழல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், போங்க” என்று எல்லாரையும் உள்ளே அனுப்பிய நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. வீட்டில் ஏழு மாதப் பிள்ளை. பால் கொடுக்கிறவர்களும் போடலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. ஆனால் பால் வற்றிப்போகும் என்று தெருவில் ஒரே பேச்சு, எனக்கும் பயம். யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாதே என்று டோக்கனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் சத்தம்

தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு பவர்லூம் அண்ணன் எனக்கு நேர் எதிரே நின்றார். அவர் பேரைத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. கடைசியில் குனிந்து சொன்னார்: “தங்கச்சி, இருபது வருசமா தறிச் சத்தத்துல கெடக்கேன். உதடு அசையிறது தெரியுது. பேரு கூப்பிடுறியா, சாமி கும்பிடுறியான்னுதான் தெரியல.”

எந்தக் கை

கைத்தறிக்காரர் ஒருவர் சட்டைக் கையை மடிக்கவே மாட்டேன் என்றார். தறியில் வலது கை நாடா ஓட்டும் கயிறு இழுக்க, இடது கை இழையை நெருக்கும் பலகை அடிக்க, இரண்டில் எது வலித்தாலும் சேலை நெசவு நிற்கும் என்று நியாயம் பேசினார். நர்ஸ் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “அப்போ கால்ல போடவாண்ணே?” என்றார். அவர் நிதானமாகக் கேட்டார்: “போடலாம்மா. தறி மிதியை யாரு மிதிக்கிறது?”

பட்டு ரவிக்கை

மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த அக்கா ஒருவர் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பட்டு ரவிக்கையில் வந்துவிட்டார். முழங்கை வரை இறுக்கம், மேலே ஏறவில்லை. எதிரே ஆண்கள் வரிசை. நான் மேசை விரிப்பை உருவி மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன், ரெண்டு கொக்கி கழற்றி வேலை முடிந்தது.

போகும்போது சொன்னார்: “ரெண்டாவது ஊசிக்குத் தொளதொளன்னு ஒண்ணு தைச்சுப் போட்டுட்டு வாரேன். வீட்டுக்காரரு கேட்டா, அரசாங்க உத்தரவுன்னு சொல்லிருவேன்.”

கேட்டே விட்டாள்

ஆனையூரிலிருந்து கைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். டோக்கன் நாற்பத்தொன்று. எறும்புக் கதையைச் சொன்னேன். அவள் நகரவில்லை. பால் கொடுக்கிற நேரம் தாண்டி என் ஜாக்கெட் நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டாள். “உங்களுக்கும் கைப்பிள்ளையாக்கா? நீங்க போட்டுட்டீங்களா?”

“இல்ல” என்றேன். வரிசையில் பின்னால் இருந்த ரெண்டு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு விலகினார்கள். இத்தனை நாள் நான் உள்ளே அனுப்பியவர்களின் முகமெல்லாம் நினைவுக்கு வந்தது. நர்ஸ் அக்கா உள்ளேயிருந்து, “பாலு எங்கயும் போகாதுன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு” என்றார்.

ஆனையூர்ப் பெண்ணிடமிருந்து டோக்கனைத் திரும்ப வாங்கி, நாற்பத்திரண்டைக் கொடுத்துவிட்டு, நாற்பத்தொன்றில் என் பேரை எழுதினேன். எழுதினால் கூப்பிட வேண்டுமே. “நாப்பத்தி ஒண்ணு, முத்துலட்சுமி” என்று கூப்பிட்டேன். கேட் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பார்களே, அந்த பெஞ்சில் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். விலகிப்போன ரெண்டு பேரும் மறுபடி வரிசையில் நின்றார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: “நீங்க எந்திரிச்சதும்தான்க்கா எனக்குத் தைரியமே வந்துச்சு. நடுவுல ஓடிருவீங்களோன்னும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

வீட்டுக்குப் போனதும் பிள்ளை வழக்கம்போல வயிறு முட்டக் குடித்தான், பால் விஷயத்தில் தெரு சொன்னது பொய், எறும்பு விஷயத்தில் நான் சொன்னதும் பொய்தான், அது கட்டெறும்பு.