கயிற்றில் கட்டிய டிரிம்மர்

கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளில் நான் அனுப்பிய திருத்தத்துக்கு இன்று காலை ஒரு சீனியர் பதில் போட்டிருந்தார்: "கவனமாக எழுதினால் போதும். இதெல்லாம் தேவையில்லை."

டிரைவர் கொஞ்சம் மெமரியை எடுத்தால் அதன் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் குறைக்க வேண்டும். ஃபங்ஷன் எனும் நிரல் துண்டு எந்த வழியாக வெளியேறினாலும் அந்தக் குறைக்கும் வரியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அந்த மெமரி திரும்பி வராது.

ஃபங்ஷன் முடிந்ததும் தானாகவே குறையும்படி மாற்றிவிட்டு, அந்த வரிகளை எல்லாம் அழித்திருந்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் மாமாவின் பனியன் யூனிட்டில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன்.

"அவரு சொல்றதும் சரிதானே கண்ணு? கவனமா இருந்தா எப்படி மறக்கும்?" என்றார் மாமா.

பக்கத்துத் தையல் மெஷினில் நூல் வெட்டும் டிரிம்மர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பறம் இதை ஏனுங்க மாமா கட்டி வெச்சிருக்கீங்க?"

"ஆராச்சும் மறந்து துணியோட பெட்டிக்குள்ள போட்டுட்டா, வாங்கற பையர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிருவானே!"

சொல்லி முடித்ததும் மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திருத்தத்தை வாபஸ் வாங்க மாட்டேன் என்று சீனியருக்கு எழுதிவிட்டேன்.

கவனம் மட்டும் போதும் என்கிற திருப்பூர்க்காரர்களே, முதலில் உங்கள் யூனிட்டில் அந்தக் கயிறுகளை அவிழ்த்துவிட்டு கமெண்டுக்கு வாருங்கள்.