மெழுகு உருகிய கிட்டார்

என் மனைவியின் தொண்டையில் அறுவை சிகிச்சை நிகழ்ந்த பிறகு எங்கள் வீட்டின் ஒலிகள் இடம் மாறின. அவர் போடிநாயக்கனூரில் பெண்கள் பள்ளியொன்றில் இசை கற்பித்தவர். குரல்நாணில் தோன்றிய கட்டியோடு குரலின் பெரும்பகுதியும் போயிற்று. எஞ்சியது மூச்சு கலந்த ஒரு முணுமுணுப்பு. காதருகே குனிந்தால் சொல் புரியும். சற்று விலகினால் துணி உரசுவது போலிருக்கும். என்னை அழைக்க வேண்டுமானால் கரண்டியால் கதவுநிலையைத் தட்டுவார். நானோ அவர் தட்டாதபோதும் திரும்பிப் பார்க்கலானேன். குழாயில் நீர் வருமுன் எழும் காற்றின் ஓசையிலும், மாவரைக்கும் இயந்திரம் நின்றபின் எஞ்சும் அதிர்விலும் அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, நான் செவிசாய்த்ததும் நிறுத்திக்கொண்டது போலத் தோன்றும். இதை அவரிடம் நான் கூறியதில்லை.

மின்கிட்டார் வேண்டுமென்று கேட்டவர் அவரே. கைப்பேசியில் எவரோ ஒரு பெண் மின்கிட்டாரில் ஆலாபனை செய்வதைக் கண்டிருக்கிறார். தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுக்க, சுரம் அறுபடாமல் வளைந்து சென்று அடுத்த சுரத்தில் அமர்ந்தது. கைப்பேசியை என் முகத்தருகே நீட்டியவர், மறுகையால் என் காதைப் பற்றித் தம் வாயருகே இழுத்தார்.

"பாத்தீங்களா? இழுத்தா பாடுது."

"வீட்டில் வீணை இருக்கிறதே" என்றேன்.

"வீணையில நாதம் நிக்காதுங்க. மீட்டுன கையோட செத்துப்போகும். இது நான் விடுற வரைக்கும் நிக்கும்."

அதில் உண்மை இருந்தது. மேலும், வீணைத் தந்தியை அழுத்தி இழுக்க அவருடைய விரல் மூட்டுகள் இடங்கொடுப்பதில்லை. மின்கிட்டாரின் தந்திகள் மெல்லியவை. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளுக்கு மிக அருகில் கிடப்பவை. தந்திகளுக்கு அடியில் பதித்த காந்தமும் கம்பிச்சுருளும் அவற்றின் அசைவை வாங்கி ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அனுப்பிவிடுவதால் விரலின் வலிமை அங்கே பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பாட இயலாத தமக்கு எஞ்சிய வழி இதுவொன்றே என்று அவர் முடிவு செய்துவிட்டார். மருத்துவச் செலவு போக எங்கள் கையில் மிஞ்சியதோ ஒருமுறை வாங்குவதற்கு மட்டும் போதுமானது. தவறாகத் தேர்ந்தால் மறுமுறை இல்லை.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்ந்தவன், இதற்கும் பாடபேதம் ஆராய அமர்வது போலவே அமர்ந்தேன். தெரிந்தவர்களைக் கேட்டும், கைப்பேசியில் பார்த்தும் சிலவற்றை அறிந்துகொண்டேன். விலை குறைந்த கிட்டாரில் முதலில் காண வேண்டியது கழுத்து. தச்சர் பலகையின் ஓரத்தில் ஒற்றைக்கண் வைப்பது போலத் தலைப்பக்கமிருந்து நோக்கினால் வளைவும் முறுக்கும் தெரிந்துவிடும். பிறகு மெட்டுதோறும் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தி மீட்டி, சுரம் எங்கேனும் இரைகிறதா, ஊமையாகிறதா என்று கேட்க வேண்டும். தந்தியை நன்றாக இழுத்து விட்டபின்னும் சுருதி நின்றால், அதைக் கூட்டும் முறுக்காணிகளான பிரடைகள் தகுதியானவை. உடல் எம்மரத்தால் ஆனது என்று கடைக்காரர் பேசும் பெருமைக்குக் காசு கொடுக்கலாகாது. தந்தி எதையும் தொடாமல் கம்பிச்சுருளை விரலால் தட்டும்போது பெட்டியில் இடி கேட்டால் அக்கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கு உரிய பங்கை ஒதுக்கிய பிறகே கிட்டாரின் விலையைக் கேட்க வேண்டும்.

இத்தனையும் மனத்தில் கொண்டு மதுரைக் கடையொன்றுக்குப் போனோம்.

"பேரனுக்காய்யா?" என்றார் கடைக்காரர்.

"இல்லை, இவருக்கு."

அவர் என் மனைவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அம்மா பாடுவாங்களா?"

"இனிமேத்தான்" என்று என் மனைவி உதடசைத்தது எனக்கு மட்டும் புரிந்தது.

கருநீலக் கிட்டார் ஒன்று எல்லாச் சோதனையிலும் தேறியது. ஆனால் அதை வாங்கினால் பெட்டிக்குப் பணமில்லை.

"பொட்டி இல்லாமக் கொண்டு போனா அது வெறும் கட்டைதாங்கய்யா. தலைக்கு வச்சுப் படுக்கலாம்" என்று கடைக்காரர் சிரித்தார். "யோசிச்சுட்டு வாங்க. நானும் எங்கயும் ஓட மாட்டேன், அதுவும் ஓடாது."

யோசித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் பழம்பொருள் விற்கும் செயலி ஒன்றில் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்ட வீட்டிலிருந்து கிட்டாரும் பெட்டியும் சேர்ந்து விற்பனைக்கு வந்தன. நீலக் கிட்டாரின் விலையில் பாதிகூட இல்லை. தொலைபேசியில் பேசிய அம்மையார், நான் விலையைப் பற்றி வாய் திறக்குமுன்பே இன்னும் கொஞ்சம் குறைத்தார். அதுவே என்னை உறுத்தியது.

குரங்கணியில் பேருந்தை விட்டிறங்கி ஜீப்பு ஒன்றை அமர்த்திக்கொண்டோம். எதற்காகப் போகிறோம் என்று சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்தார்.

"அந்த வீட்டுக் கிட்டாரா? எடுத்துட்டு வாங்க, நல்லதுதான். ஆனா எறங்குறப்ப பின் சீட்டுல வச்சுக்கங்கய்யா. எம் பக்கத்துல வேணாம்."

ஏனென்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல் கடந்திருந்தது. ஆனால் பொழுது எதுவென்று சொல்ல இயலாதபடி பனிமூட்டம் சரிவெங்கும் இறங்கியிருந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச்செடிகள் அசையாமல் நின்று நீர் சொட்டின. செடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் எங்களை வரவேற்றது, ஆளைக் காணவில்லை. எந்தத் திசையில் கும்பிடுவதென்று தெரியாமல் கைகூப்பி நின்றேன்.

"வாங்கய்யா, வாங்கக்கா. வெரசா உள்ள வாங்க, மஞ்சு எறங்குது." நாங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து அந்த வீட்டு அம்மையார் வெளிப்பட்டார். ஐம்பதைத் தொட்டவர். கணவர் காய் லோடோடு போடிக்கு இறங்கியிருப்பதாகச் சொன்னார்.

"மகன் வாங்குனது. அவனுக்குக் கொச்சியில சோலி கெடச்சிருச்சு. மழைக்காலத்துல இங்க எல்லாம் பூத்துப்போகுமுல்ல? செருப்புப் பூக்கும், சாமி படம் பூக்கும். விட்டா நானே பூத்துருவேன். அதான் கெட்டுறக் கூடாதுன்னு டிரையருக்குள்ள மாட்டி வச்சேன். என் கல்யாணப் பட்டு அங்கதான், அவன் சர்டிபிகேட்டு அங்கதான்."

ஏலக்காயைப் பச்சை மாறாமல் உலர்த்துவதற்கு விறகெரித்து விடாமல் சூடேற்றும் அறையை அவர் சொன்னார். ஈரத்தில் பூசணம் பிடிக்கும் இச்சரிவுகளில், காக்க விரும்பும் பொருள் எதுவாயினும் அவ்வறைக்குள் போய்விடும். கிட்டாரும் ஒரு பறிப்புக் காலம் முழுவதும் அனற்குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கியிருக்கிறது. அம்மையார் அதைத் தம் உடலில் படாதபடி கைகளை நீட்டித் தூக்கி வந்தார். வெண்ணிறம் தேநீர்க் கறை நிறமாக மாறியிருந்தது. அதன் மரத்திலிருந்து ஏலமணம் வீசிற்று.

ஒற்றைக்கண் வைத்துப் பார்த்தேன். வியப்பாக, கழுத்து நேராகவே இருந்தது. சூட்டில் மரம் சுருங்கியதால் மெட்டுகளின் முனைகள் ஓரங்களில் துருத்திக்கொண்டு கையைக் கீறின. அது அரத்தால் தீரும் குறை. தந்திகள் துருவேறியிருந்தன, பிரடைகளில் பழுதில்லை. கம்பிச்சுருளுக்குக் கீழே மஞ்சள் கலந்த வெண்மையில் ஏதோ வழிந்து உறைந்திருந்தது. மின்சாரம் போன பொழுதில் எவரோ மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பர் என்று எண்ணிக்கொண்டேன்.

"நன்றாகத்தானே இருக்கிறது. ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறீர்கள்?"

அம்மையார் சேலைத் தலைப்பை முறுக்கினார். "பொய் சொல்லி விக்க மாட்டேன்யா. அது மூச்சு விடுது."

"என்ன?"

"பொட்டியில மாட்டுனா மூச்சு விடும். மகன் லீவுக்கு வந்தப்ப மாட்டிட்டு, வாசிக்காம மடியில வச்சுக்கிட்டு இருந்தான். பொட்டிக்குள்ள யாரோ பெருமூச்சு விட்டாக. அப்பிடியே போட்டுட்டு ஓடுனவந்தான், மறுநா பஸ்சு ஏறிட்டான். 'ஏன்டா, கொச்சியில பேயே இல்லையா'ன்னு அவுக அப்பா கேக்குறாரு. ஆனா அவரும் அதுக்கப்புறம் இந்த ரூமுல படுக்கல."

என் மனைவி ஏற்கெனவே அமர்ந்து கிட்டாரை மடியில் ஏந்தியிருந்தார். பெட்டி அறையின் எதிர்மூலையில் இருந்தது. அம்மையார் மின்னிணைப்பைச் செருகிவிட்டு விரைந்து அடுக்களை வாசலுக்குப் பின்வாங்கினார். சிறிது நேரம் பெட்டி வெறுமனே இரைந்தது. பிறகு மூச்சு விட்டது.

தந்திகளை எவரும் தொடவில்லை. உள்ளிழுப்பது தனியாகவும் வெளிவிடுவது தனியாகவும் தெளிவாகக் கேட்டது. அவசரமற்ற மூச்சு. ஒவ்வொரு முறையும் இறுதியில் சிறிதாக ஒரு தடங்கல். அத்தடங்கலை நான் அறிவேன். அறுவைக்குப் பின் என் பக்கத்தில் உறங்கும் உடலிலிருந்து அதைத்தான் கேட்டு வருகிறேன். அதே மூச்சு, அறையின் மறுபுறமிருந்து, ஆளில்லாத மூலையிலிருந்து வந்தது.

என் மனைவி தலைகுனிந்து தந்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சை அடக்கினார். பெட்டியும் அடங்கியது. மீண்டும் விட்டார், பெட்டியும் விட்டது. பின்னர் மெல்லக் குனிந்து, உதடுகள் கம்பிச்சுருளின் உலோக மூடியைத் தொடுமளவுக்கு நெருங்கிச் சொன்னார்:

"என்னங்க."

அச்சொல் பெட்டியிலிருந்து பெரிதாக வந்தது. அவருடைய பழைய குரலன்று அது; இப்போதைய முணுமுணுப்பும் அன்று. கரகரத்து, ஆண் பெண் என்று பிரித்தறிய முடியாமல், துருப்பிடித்த ஆறு தந்திகளின் நடுக்கத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. அழைத்த விதம் மட்டும் அவருடையது.

"ஆத்தாடி!" என்றார் அடுக்களை வாசலில் நின்றவர்.

"பயப்படாதீங்க, நாந்தான்" என்றது பெட்டி.

"நாந்தான்னா யாரு? அதச் சொல்லு மொதல்ல!"

என் மனைவியின் தோள்கள் குலுங்கின. பெட்டியிலிருந்து காற்றுச் சீறுவது போன்ற ஓர் ஓசை விட்டுவிட்டு எழுந்தது. அவர் சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரமாயிற்று.

அப்போதுதான் உறைந்து கிடந்த வழிசலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மெழுகு. மயிரிழை போன்ற கம்பியைச் சுற்றியபின் அது தானே அதிராதிருக்கும்பொருட்டு உருக்கிய மெழுகில் தோய்த்தெடுப்பர் என்று படித்திருந்தேன். உலர் அறையின் அனல் அந்த மெழுகை உருக்கி வடித்துவிட்டது. பிடிப்பற்ற கம்பி இப்போது மூச்சுப் பட்டாலும் நடுங்குகிறது. அம்மையாருக்கு இதை விளக்கினேன்.

"மெழுகோ என்னவோய்யா. நீங்க கொண்டு போயிருங்க" என்றார்.

காரணம் தெரிந்ததால் எனக்கும் அச்சம் தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை. என் மனைவியிடம் நான் அறிந்தவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். விலக்க வேண்டிய குறைகளுள் இது முதன்மையானது. இத்தகைய சுருள் ஒலியைக் கூட்டியதும் ஊளையிடும். எனினும் மதுரையில் மீண்டும் மெழுகில் தோய்த்துத் தருவர். அதன்பின் இந்த விலைக்கு இதைவிட நல்ல கிட்டார் கிடைக்காது.

அவர் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு வந்து என் காதில் கேட்டார். "சரியாக்குனா என்ன கேக்கும்?"

"கிட்டார் மட்டும் கேட்கும்."

"அப்ப வேணாம்."

"ஊளையிடுமே."

"இடட்டும். நான் ஊமையா இருக்கேன்ல, ரெண்டுக்கும் சரியாப் போகும்."

அந்தக் குரலை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்ல விரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் கிட்டார் பின்னிருக்கையில் அவர் மடியில் கிடந்தது. ஓட்டுநர் பாட்டுப் போடாமல் வண்டியை இறக்கினார்.

போடியில் மெட்டு முனைகளை அராவச் செய்து, புதிய தந்திகள் பூட்டினோம். முதல் நாள் கூடத்திலேயே பெட்டியை வைத்து இயக்கினேன். காதைத் துளைக்கும் அலறல் எழுந்தது. பெட்டியின் ஒலி சுருளுக்குள் புகுந்து மீண்டும் பெட்டிக்கே போய்ப் பெருகுகிறது. நகர்த்தி வைத்தேன், அலறல் தணிந்ததேயன்றி நிற்கவில்லை. இறுதியில் பெட்டியை உள்ளறையில் சுவரை நோக்கித் திருப்பி வைத்து, கிட்டாரோடு இணைக்கும் கம்பியைக் கதவடியில் விட்டுச் சாத்திய பிறகே அமைதி வந்தது.

அன்றுமுதல் அவர் கூடத்தில் என் எதிரே அமர்கிறார். அவருடைய குரல் உள்ளறையிலிருந்து வருகிறது.

காலையில் பயிற்சி செய்வார். தந்தியை மீட்டி இழுத்துக்கொண்டே அச்சுரத்தின் பெயரைச் சுருளின் மீது ஊதுவார். கிட்டாரின் நாதமும் அந்த மூச்சும் சாத்திய கதவுக்குப் பின்னால் ஒன்றாகி, நீண்டு, வளைந்து நிற்கும். அது பாட்டுதான், ஐயமில்லை. நான் அறிந்த எவருடைய பாட்டும் அன்று. கீரை கொண்டுவரும் பெண் ஒருநாள் வாசலில் நின்று, "உள்ரூமுல யாரு வந்திருக்காக?" என்றாள். எவருமில்லை என்றேன். அவள் தலையை நீட்டி உள்ளே பார்த்துவிட்டு, காசை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

எனக்கும் பழகிவிடும் என்றே நினைத்தேன். நேற்று நாளிதழில் ஆழ்ந்திருந்தபோது, "என்னங்க, காப்பி ஆறுது" என்று உள்ளறைக் கதவுக்குப் பின்னிருந்து அழைப்பு வந்தது. "இதோ வருகிறேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னேன்; சொல்லி, எழுந்து இரண்டடி கதவை நோக்கி வைத்தும்விட்டேன். பிறகே நினைவு வந்து திரும்பினேன். என் மனைவி கிட்டாரின் மீது குனிந்த நிலையிலேயே, உதடுகளைச் சுருளிலிருந்து எடுக்காமல், என் முகம் தம் பக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிக் காத்திருக்கும் அவருடைய மூச்சு உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்தது.