அவர்களின் ஜேர்சியில் அடித்த கோல்

எங்கள் ஊருக்கும் களப்புத் தண்ணீருக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் பகை தொடங்கியதே ஒரு பந்தால்தான். விளையாட்டுக்கு நடுவே அவர்களின் ஆட்கள் நின்ற பக்கம் போய் விழுந்த எங்கள் புதுப் பந்தை மீன் வெட்டும் கத்தியால் கிழித்துத் திருப்பி எறிந்தார்கள். அதற்குப் பிறகு அடிதடி இல்லாமல் ஒரு போட்டியும் முடிந்ததில்லை. என் அண்ணர் ஒரு பல்லைப் பறிகொடுத்ததும் அப்படித்தான். அவர் இப்போது பிரான்ஸில்.

இந்த வருடம் கோயில் திருநாள் போட்டிக்கு முதல், அவர்களின் கப்டன் எங்கள் வீட்டுக்கே வந்தான்.

“அண்ணை, எங்கட பெடியள் கனபேர் வெளிநாடு போயிட்டாங்கள். நீங்கள் எங்கட பக்கம் விளையாடுவீங்களோ?”

“வேற ஆள் இல்லையோ?”

“இல்லையண்ணை. நீங்கள் வராட்டி மட்ச் இல்லை.”

எரிச்சலோடுதான் அவர்களின் ஜேர்சியைப் போட்டேன். கடைசியில் எங்கள் ஊருக்கு எதிராகவே கோலும் அடித்தேன். உடனே எங்கள் ஆட்கள் இருந்த பக்கம் திரும்பினேன். ஒரு கூச்சல், ஒரு தூஷணம், ஒரு கல்லாவது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே நாலைந்து வயதானவர்கள் மட்டும்தான்; கதிரையில் இருந்தபடியே கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். அந்தக் கோலின் வீடியோவுக்குக் கீழே அண்ணர் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

அவராவது ஏசுவார் என்று நம்பியிருந்தேன்.