தங்கச் சேவலைப் பிடிக்கப் போன தராசுக்காரி

சான் இசித்ரோ சந்தையில் மீன் கடைகள் முடிந்து இறைச்சிக் கடைகள் தொடங்கும் முனையில் பொதுத் தராசு இருக்கிறது. எடை குறைவோ என்று சந்தேகப்பட்டவர்கள் வாங்கிய பையை அங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். காசு கிடையாது. பதினேழு வருடமாக அந்தத் தராசுக்குப் பொறுப்பு லுதிவினா. இளையவர்களுக்கு அவள் மனாங் லுதி, அதாவது லுதி அக்கா. மூத்தவர்களுக்கு வெறும் லுதி.

அவளுக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணவாயின் வயிற்றில் ஐஸ் தண்ணீரை நிரப்பி விற்பது, தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டுவது, தராசின் சுருள்வில்லை அரைச் சுற்று முறுக்கி வைப்பது, பேசிக்கொண்டே கட்டைவிரலைத் தட்டில் ஊன்றுவது என்று கடைக்காரர்களின் தந்திரம் ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடித்தாள். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, சந்தேகம் தொழிலோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்தது. கப்பலில் வேலை செய்யும் கணவர் வீடியோவில் கூப்பிட்டால், முதலில் ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டச் சொல்வாள். பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவள் ஸ்லாட் சூதாட்டத்தில் சிக்கினாள் என்று சொன்னால் சந்தையில் புதிதாக வந்தவர்கள் நம்புவதில்லை. அவள் சிக்கியதே சந்தேகத்தால்தான்.

இறால் விற்கும் நெல்பா ஒருநாள் போனில் "தங்கச் சேவல்" என்ற ஸ்லாட் ஆடி மூவாயிரத்து இருநூறு பேசோ ஜெயித்து, கடை வரிசை முழுவதற்கும் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். லுதிவினா மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு பேசோ வெச்சா மூவாயிரம் குடுக்கறவன் யாருடி? அவனுக்கு எங்கேருந்து வருது?"

"எனக்கென்ன தெரியும் மனாங். மூணு வெண்கல மணி விழுந்துச்சு. பத்து ஆட்டம் சும்மா குடுத்தான். அதுல வந்துச்சு."

"இதுல எங்கேயோ ஒரு கட்டைவிரல் இருக்கு."

"இருந்தா கண்டுபிடிங்க. நூடுல்ஸ் ஆறுது."

லுதிவினா கண்டுபிடிக்கத்தான் போனாள். அன்றைக்கே ஐம்பது பேசோ போட்டாள். ஐந்து பத்திகள் சுழலும். சேவல், நண்டு, முத்து, மணி என்று படங்கள் வந்து நிற்கும். ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் காசு. எந்த மணிக்கு ஆடினாள், எவ்வளவு வைத்தாள், வந்ததா போனதா என்று தராசுப் பதிவேட்டைப் போலவே ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாள். ஏமாற்றுகிறவன் எவனாக இருந்தாலும் ஒரு தடம் விடுவான் என்பது அவள் அனுபவம். விடிகாலையில் ஆள் குறைவு, அப்போது கொடுக்கும் என்று முதல் வாரம் முடிவு செய்தாள். சம்பளம் போடும் பதினைந்தாம் தேதியும் முப்பதாம் தேதியும் இழுத்துக்கொள்ளும் என்று இரண்டாம் வாரம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை நல்ல கிழமை என்று தெரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாம் போயிற்று. அதுவே அவளுக்குச் சாட்சியாகப் பட்டது: தான் கவனிப்பதை அது கவனித்துவிட்டது, ஆள் பார்த்துக் கொடுக்கிறது.

நிரூபிக்க இன்னும் ஆட வேண்டியிருந்தது.

சந்தை வாசலில் போன் உறை விற்கும் வெண்டெல் நான்கு வருடம் மணிலாவில் ஓர் ஆன்லைன் சூதாட்ட நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன். அதனாலேயே லுதிவினா அவனை நம்பமாட்டாள். ஆனாலும் உள்ளே இருந்தவனிடம்தான் குட்டு வெளிவரும் என்று ஒரு மத்தியானம் நோட்டைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"எந்த நேரத்துல இழுக்கறான்னு சொல்லு. உன்கிட்ட கேட்டேன்னு யாருக்கும் சொல்லமாட்டேன்."

வெண்டெல் பொறுமையாகப் பக்கம் புரட்டினான். "நேரம்லாம் கிடையாது மனாங். நீங்க பட்டனை அழுத்துற அந்த நொடியிலேயே ஒரு எண் விழுந்துரும். முடிவு அங்கேயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் சுத்துறதெல்லாம் சும்மா படம் காட்டுறது."

"ரெண்டு மணி விழுந்து மூணாவது மெதுவா சுத்துதே. விழலாமா வேண்டாமான்னு யோசிக்கற மாதிரி."

"அது யோசிக்கல. உங்களை யோசிக்க வெக்குது. போன ஆட்டத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. நூறு தடவை தோத்தீங்கன்னு அதுக்கு ஞாபகம் இருக்காது."

"உள்ள தொண்ணூத்தாறு சதவீதம் திருப்பித் தரோம்னு எழுதியிருக்கான். நூறு போட்டா எனக்குத் தொண்ணூத்தாறு வரணும்ல? எங்க?"

வெண்டெல் சிரித்தான். "அது உங்களுக்குன்னு எழுதினது இல்ல. கோடிக்கணக்கான ஆட்டத்தைச் சேர்த்துப் பாத்தா வர்ற கணக்கு. அதுல நெல்பாவோட மூவாயிரமும் இருக்கு, உங்களோட ஒண்ணுமில்லாததும் இருக்கு. சரி, கணவாயைத் தட்டுல வெச்சு எடுத்தா என்ன ஆகும்?"

"தண்ணி சொட்டும்."

"அதே கணவாயை இருபது தடவை வெச்சு எடுத்தா?"

 இருபது தடவை நிறுத்த கணவாய் எவ்வளவு சுருங்கும் என்று லுதிவினாவுக்குத் தெரியும்.

"ஒவ்வொரு தடவையும் சராசரியா நூத்துக்கு நாலு பேசோதான் சொட்டுது. நீங்க மிச்சத்தைத் திரும்பத் திரும்ப வெக்கறீங்க." அவன் நோட்டில் விரலை வைத்தான். "இதைப் பாருங்க. ஒரு பேசோ வெச்சு நாப்பது சென்டாவோ வந்துருக்கு. இதுக்கு 'வந்தது'ன்னு டிக் போட்டிருக்கீங்க."

"சேவல் கூவிச்சே. காசு கொட்டற சத்தம் வந்துச்சு."

"அறுபது சென்டாவோ போயிருக்கு மனாங். கூவினதையெல்லாம் ஜெயிச்சதா எழுதியிருக்கீங்க. உங்க நோட்டுலயே பாதி டிக் தப்பு."

பதினேழு வருடத்தில் அவள் எழுதிய எடை தப்பு என்று யாரும் சொன்னதில்லை. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நிறுவனத்திடம் சம்பளம் வாங்கியவன் நிறுவனத்துக்குத்தான் பேசுவான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளிலிருந்து போன் தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த பதினைந்தாம் தேதி சனிக்கிழமையாக வந்தது. சம்பள நாள், கூட்டம் நெரிந்தது. காலை எட்டரை மணிக்கு மேல் பள்ளி ஆசிரியை ஒர்ஃபா, நெல்பாவிடம் வாங்கிய ஒரு கிலோ இறாலைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். அந்த நொடியில் போனில் இரண்டு மணிகள் விழுந்து ஐந்தாவது பத்தி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. லுதிவினாவின் ஒரு கண் தராசு முள்ளில், ஒரு கண் போனில்.

"சரியா இருக்கு, மேடம்," என்றாள்.

ஆசிரியை போய்விட்டார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார்: தொள்ளாயிரத்துப் பத்து கிராம். பொதுத் தராசிலேயே மறுபடி வைத்தார்கள். தொள்ளாயிரத்துப் பத்துதான்.

மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கச் செய்தி. தொண்ணூறு கிராம் இறாலைப் பற்றி யாரும் பேசவில்லை. லுதிவினா எவ்வளவு வாங்கினாள் என்றுதான் பேசினார்கள். நெல்பாவும் அவளும் கூட்டு, வாரம் இவ்வளவு, கோழிக்கடைக்காரனும் தருகிறான் என்று ஆளுக்கு ஆள் எடை கூட்டினார்கள். பன்றி இறைச்சி வாங்கிய ஒரு கிழவர் பையோடு தராசு வரை வந்து, அவள் முகத்தைப் பார்த்து, நிறுக்காமலே திரும்பிப் போனார். அதுதான் அவளுக்குத் தைத்தது. தராசு இரும்பு, அதை மாற்றிவிடலாம். அவள் சொன்னால் சரி என்ற ஒரு சொல்தான் அவள் பதினேழு வருடத்தில் சம்பாதித்தது.

இரண்டு மணிக்கு, எல்லாரும் மனோங், அதாவது அண்ணன், என்று அழைக்கும் சந்தை மேலாளர் கிறிஸ்புலோ தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆசிரியையும் நெல்பாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"நெல்பாவுக்கு அபராதம் போட்டாச்சு," என்றார் மேலாளர். "உன்னைப் பத்தித்தான் பேச்சு, லுதி. காசு வாங்கினியா?"

"இல்ல மனோங்."

"பதினேழு வருஷமா ஈ உக்காந்தாலே எடை சொல்றவ நீ. தொண்ணூறு கிராம் கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் ஒரு சென்டாவோ குடுக்கல, சத்தியமா," என்றாள் நெல்பா.

"நீ பேசாதே. உன் சத்தியத்துலயும் தொண்ணூறு கிராம் குறையும்."

ஆசிரியை சிரிக்கவில்லை. "எனக்கு இறால் பெரிசில்ல மனோங். இவங்க சொன்னா மறுபேச்சில்லாமப் போயிருவேன். எத்தனை தடவை அப்படிப் போனேன்னு இப்ப யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

லுதிவினா மடியிலிருந்த போனைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் லஞ்சக்காரி. பேசினால் வேறொன்று. தங்கச் சேவலில் ஆட்டப் பட்டியல் என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு ஆட்டமும் எந்த நொடியில் என்று அதில் இருக்கும். ஏமாற்றைப் பிடிக்க உதவும் என்று அவள்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதைத் திறந்து மேலாளரிடம் நீட்டினாள்.

"மேடம் எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு கேளுங்க. அப்புறம் இதைப் பாருங்க."

"எட்டே முக்கால் இருக்கும்," என்றார் ஆசிரியை.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "எட்டு நாப்பத்திநாலு, மூணு நொடி. எட்டு நாப்பத்திநாலு, ஒன்பது நொடி. எட்டு நாப்பத்திநாலு, பதினஞ்சு..." திரையைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே இருந்தார். "ஏழரையிலேருந்து ஒன்பது வரைக்கும் நானூத்திப் பதினெட்டு ஆட்டம், லுதி. இதுக்கு நடுவுல எத்தனை பேர் பையை எடை போட்ட?"

அவள் கணக்கில் அன்று காலை இருபது முப்பது ஆட்டம்தான் ஆடியிருந்தாள். "அவ்வளவு இருக்காது மனோங்," என்றாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் எண்ணத் தொடங்கி, முதல் பக்கத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"காசு வாங்கல," என்றார் மேலாளர் ஆசிரியையிடம். "அதைவிட இது மேலா கீழான்னு எனக்குத் தெரியல."

"போனை உங்க மேசையில வெச்சுட்டு வேலை பாக்கறேன்," என்றாள் லுதிவினா.

"அது சந்தை நேரத்துக்கு. வீட்டுல?"

அவள் அங்கிருந்து நேரே வெண்டெலிடம் போனாள். அவன் நோட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனை வாங்கி, தங்கச் சேவலின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான்.

"ஒரு நாளைக்கு இவ்வளவுதான் போடுவேன்னு எல்லை வெக்கலாம். இவ்வளவு நேரம்தான்னு வெக்கலாம்."

"நானே வெச்ச எல்லையை நானே கூட்ட முடியுமா?"

"குறைச்சா உடனே ஆகும். கூட்டணும்னா ஒரு நாள் காத்திருக்கணும்."

"ஒரு நாள் நான் காத்திருப்பேன். எனக்கு அது ஆகாது. வேற?"

"ஆறு மாசம் உங்களையே வெளிய வெச்சுக்கலாம். நடுவுல அழுதாலும் திறக்கமாட்டாங்க. அழுதவங்ககிட்ட நான் பேசியிருக்கேன்."

"அவங்களே எனக்காகக் கதவைச் சாத்துவாங்களா? இதுல என்ன லாபம் அவங்களுக்கு?"

"லாபம் இல்ல. சட்டம் இருக்கு, அதான் வெச்சிருக்காங்க. அதனாலதான் இந்தப் பக்கம் இவ்வளவு உள்ள ஒளிஞ்சிருக்கு."

அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. அழுத்தினாள். மறுபடியும் கேட்டது. "பாத்தியா, விடமாட்டேங்குது," என்று முணுமுணுத்துக்கொண்டு மூன்றாவது முறையும் அழுத்தினாள்.

ஒரு வாரம் கழித்து, அபராதம் கட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பிய நெல்பா மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்ப ஆடவே கூடாதா மனாங்?"

"ஆடேன். சினிமாவுக்குப் போற மாதிரி காசு எடுத்து வை. அது போச்சு, திரும்பாதுன்னு நெனச்சுக்கோ. தீந்ததும் எழுந்து வா. போனதைப் பிடிக்க உக்காராதே."

"நீங்க எதைப் பிடிக்க உக்காந்தீங்க?"

"ஏமாத்தறான்னு பிடிக்க உக்காந்தேன். அவன் ஏமாத்தல. எவ்வளவு எடுப்பேன்னு எழுதி வெச்சுட்டுத்தான் எடுத்தான். அதை நம்ப எனக்கு முடியல, அவ்வளவுதான்." பிறகு நெல்பாவின் வாளியை எட்டிப் பார்த்தாள். "அடியில ஐஸ் எவ்வளவு போட்டிருக்க?"

மேலாளர் அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு புது விதி மட்டும் போட்டார்: எடையைத் தராசுக்காரி சொல்லக்கூடாது, பை கொண்டுவந்தவரே முள்ளைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும், அவள் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் சில நாள் சிலர் முள்ளைப் பார்த்துவிட்டு அவள் முகத்தையும் பார்த்தார்கள்.

ஆசிரியை ஒர்ஃபா மூன்று வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. நான்காவது சனிக்கிழமை ஒரு கிலோ பால்மீனோடு வந்தார். பையைத் தட்டில் வைத்து, குனிந்து, கண்ணாடியை இறக்கி, கண்ணாடியை ஏற்றி நெடுநேரம் பார்த்தார். லுதிவினா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

"ஆயிரத்து இருபது," என்று வாசித்தார் ஆசிரியை.

லுதிவினா எழுதிக்கொண்டாள்.

"நீங்க பாக்கலையே," என்றார் அவர்.

"நான் பாத்துச் சொன்னா நம்புவீங்களா, மேடம்?"

ஆசிரியை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு இறைச்சிக் கடைகள் பக்கம் நடந்தார்.