துருவேந்தனுக்குக் குரல் கிடைத்த கதை

1. தொண்டை

"மேடம், துருவேந்தனுக்குத் தொண்டை போயிடுச்சு."

சேனலிலிருந்து கிருத்திகா போனில் இப்படிச் சொன்னபோது, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் டப்பிங் எழுத்தாளர். வேறு மொழிக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, பேசுகிறவர்களைப் பேச வைத்து, சேனலுக்குக் கொடுப்பது என் வேலை. பல வருடம் சென்னையில் இருந்தேன். கணவருக்கு வேளாண்மைத் துறையில் கொல்லிமலைக்கு மாற்றல் வந்ததும் நானும் மலையேறிவிட்டேன். எழுதுவது இங்கே, ஒலிப்பதிவு சென்னையில்.

அப்போது கையில் இருந்தது 'காந்தக் கதிர்' என்ற தொடர். கதிர் பன்னிரண்டு வயது அநாதைப் பையன். உள்ளங்கையில் காந்த சக்தி. அவனுடைய எதிரி துருவேந்தன், உலகத்து இரும்பையெல்லாம் துருவாக்கி ஆளத் துடிக்கும் அரக்கன். நாலு வருடம் ஓடி, அது கடைசி சீசன். துருவேந்தன் கடைசி மூன்று எபிசோடில்தான் திரும்பி வருகிறான். வருகிற நேரத்தில் அவனுக்குக் குரல் கொடுத்தவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். மூன்று மாதம் வாயே திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேற குரல் டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணினோம் மேடம். ஒருத்தர் பேசினா வில்லனுக்கு அஜீரணம் மாதிரி இருக்கு. இன்னொருத்தர் பேசினா பால்காரர் மாதிரி இருக்கு. பசங்களுக்கு அந்தக் குரல் மனப்பாடம் மேடம், உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"எத்தனை நாள் இருக்கு?"

"பத்து. அதுக்குள்ள முடியலைன்னா சீசனையே வேற கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்றாங்க. அப்போ எல்லாக் குரலும் மாறும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கலக்கியது. கதிருக்கு நாலு வருடமாகப் பேசுகிறவள் ஜெயந்தி. இரண்டு பிள்ளைகளின் அம்மா. கதிருக்கு ஜலதோஷம் வருகிற எபிசோடுக்காகத் தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்து நின்றவள். முடிவுக் காட்சியில் அவள் குரல் இல்லாமல் போவதா?

2. பஸ்

மறுநாள் காலை செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். எனக்குப் பின்னாலிருந்து துருவேந்தன் பேசினான்.

"ஏனுங்க, செத்த நவுந்து உக்காருங்க. மூட்ட வெக்கோணும்."

கிணற்றுக்குள்ளே உரலை உருட்டுவது போன்ற அதே குரல். திரும்பினேன். மெலிந்த மனிதர் ஒருவர் தோளில் துண்டும் கையில் மிளகு மூட்டையுமாக நின்றார். அறுபதை நெருங்கும் வயது. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"உங்க பேரு என்னங்க?"

"சீரங்கனுங்க."

யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "ஒரு தடவை 'முட்டாளே'ன்னு சொல்லுங்களேன்."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

"உங்களையாங்கம்மா?"

"யாரை வேணும்னாலும்."

"எதுக்குங்க வம்பு," என்று அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த இரண்டு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது.

இறங்கியதும் விஷயத்தை விளக்கினேன். துருவேந்தனின் பழைய எபிசோடை என் போனில் போட்டுக் காட்டினேன். கூர்ந்து கேட்டவர், "என்ற கொரலாட்டமே இருக்குதுங்களே. எப்பங்க புடிச்சீங்க?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

சென்னைக்கு வருவாரா என்று கேட்டேன். மிளகு காய்கிற சமயம், மலையை விட்டு ஒரு நாள்கூட இறங்க முடியாது என்றார். ஆகவே ஸ்டூடியோவையே மேலே வரவழைக்க வேண்டியதாயிற்று.

3. மூட்டை அறை

எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார் சவுண்ட் இன்ஜினியர் பாஸ்கர். என் வயதுக்காரர், முன்கோபி. மைக்கையும் லேப்டாப்பையும் இறக்கி வைத்துவிட்டு அரை நாள் படுத்தே கிடந்தார். எழுந்ததும் வீடு முழுக்கக் கை தட்டிப் பார்த்தார். எல்லா அறையிலும் எதிரொலி. வீட்டுச் சொந்தக்காரர் மிளகு மூட்டை அடுக்கியிருந்த பின்னறையில் மட்டும் கைதட்டல் செத்து விழுந்தது.

"இதுக்குத்தான் சென்னையில ஃபோம் ஒட்டறோம். இங்க மிளகே ஒட்டியிருக்கு!" என்றவர், அடுத்த நிமிடம் ஒன்பது தும்மல் போட்டார். பதிவு நடந்த மூன்று நாளும் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டேதான் பதிவு செய்தார்.

சீரங்கன் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டையில் வந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். டப்பிங்கில் படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஓட்டுவோம். அந்தத் துண்டுக்கு லூப் என்று பெயர். நான் வசனத்தைச் சொல்வேன். அவர் படத்து வாயசைவைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் லூப்: "கதிர்! உன்னைப் பொடிப்பொடியாக்கிவிடுவேன்!"

சீரங்கன் நெஞ்சை நிமிர்த்தினார். மலையே அதிரும் குரலில் சொன்னார்: "கதிரு! உன்னையப் பொடிப்பொடியாக்கிடுவேனுங்க!"

பாஸ்கர் என்னைப் பார்த்தார். "மேடம், வாய் மூடின பிறகு ஒரு 'ங்க' தொங்குது."

"சீரங்கன், 'ங்க' வேண்டாங்க."

"சரிங்க."

அடுத்த டேக்கிலும் 'ங்க' வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. எட்டாவது டேக்கில் 'ங்க'வை ஒருவழியாக விழுங்கினார். பதிலுக்கு, "பொடிப்பொடியாக்கிடுவேன் கண்ணு" என்றார்.

பாஸ்கர் எழுந்து வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தார். அது கோபத் தும்மல்.

"ஏனுங்கம்மா," என்று சீரங்கன் மெதுவாகக் கேட்டார், "இந்தப் பையனுக்கு அப்பா அம்மா?"

"இல்லைங்க. அநாதை."

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். "தாயில்லாப் புள்ளையப் போயி எப்படீங்க வையறது?"

4. பன்றி

பேசுகிறவரிடம் "கோபமாப் பேசுங்க" என்று சொல்வதைப் போலப் பயனில்லாத யோசனை இந்தத் தொழிலில் வேறு இல்லை. அன்று மதியம்வரை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் முகத்தை மட்டும் கோபமாக வைத்துக்கொண்டு மரியாதையாகவே பேசினார்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சோடு பேச்சாக, "உங்களுக்குக் கோபமே வராதுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க வருது? அந்தப் பன்னிதான்..." என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. அவருடைய குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், காட்டுப்பன்றி புகுந்து, நாலே நாளில் பாதிக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டதாம். சொல்லச் சொல்லக் கழுத்து நரம்பு புடைத்தது. பாஸ்கர் சோற்றுக் கையோடு எழுந்து போய் மைக்கை ஆன் செய்தார்.

சீரங்கனை உட்காரவைத்து, திரையில் கதிரின் முகம் வருகிற இடத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினேன். "இங்க பையன் இல்லீங்க. உங்க காட்டுல பன்னி நிக்குது. அதோ, கிழங்கைத் தின்னுட்டு உங்களையே பாக்குது."

சீரங்கன் ஒரு கணம் அந்தக் காகிதத்தையே முறைத்தார். பிறகு உறுமினார் பாருங்கள்! பாஸ்கர் ஒலி அளவைக் குறைக்கப் பாய்ந்தார். "பொடிப்பொடியாக்கிவிடுவேன்! ஓடு! என் கண்ணில் படாதே! உன்னைச் சும்மா விடுவேன் என்று நினைத்தாயா!" ஒரே மூச்சில் ஆறு லூப் முடிந்தது. ஏழாவதில் "அட நாசமாப்போற பன்னியே" என்று ஒன்று கூடுதலாக விழுந்தது. அதை மட்டும் வெட்டினோம்.

எட்டாவது லூப்பின் நடுவில் கதவு படாரென்று திறந்தது. கையில் தடியோடு ஒரு பெண் நின்றார். சீரங்கனின் மனைவி நல்லம்மா. அன்று இரண்டு வீடு தள்ளி மிளகு உலர்த்த வந்திருந்தவர், புருஷனின் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

"எங்கீங்க பன்னி? ஊட்டுக்குள்ளயேவா பூந்துருச்சு?"

சீரங்கன் ஹெட்ஃபோனோடு திரும்பி, துருவேந்தன் குரலிலேயே, "ஒண்ணுமில்ல புள்ள, நீ போ," என்றார். அந்த நல்ல டேக் வீணாகிப் போனதற்காக பாஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

5. வராத வசனம்

மூன்றாம் நாள் கடைசி எபிசோட். கதிரிடம் தோற்ற துருவேந்தன் சாகும்போது ஊரைச் சபிக்கிறான். உடனே வயலெல்லாம் கருகுகிறது. கதிர் தன் சக்தி முழுவதையும் மண்ணில் இறக்கிப் பச்சையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டுச் சாதாரணப் பையனாகிறான். அதோடு தொடரும் முடிகிறது.

நான் எழுதியிருந்த வசனம்: "உன் மண்ணில் புல் பூண்டு முளைக்காமல் போகட்டும்!"

சீரங்கன் வாயைத் திறந்தார், மூடினார். ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இது வேண்டாங்கம்மா."

"பன்னிய நினைச்சுக்குங்க."

"பன்னிய என்ன வேணாலும் சொல்றேனுங்க. இரும்பு துருப்புடிக்கட்டும்னு நூறு வாட்டி சொல்றேன். மண்ணு வெளையாமப் போகட்டும்னு என்ற வாயில வராதுங்க. மண்ணு என்னங்க பண்ணுச்சு?"

கெஞ்சிப் பார்த்தேன். கதைதானே என்றேன். "கதைதாங்க. ஆனாச் சொல்றது நாந்தானுங்களே," என்றவர், மழை வருகிறது, மிளகை அள்ள வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். கிருத்திகாவுக்குப் போன் போட்டு வசனத்தை மாற்றலாமா என்று கேட்டேன். "சாபம் இருந்தாத்தான மேடம் வயல் கருகும்? அர்த்தம் மாறக்கூடாது. நாளைக்கு டெலிவரி," என்றாள்.

பாஸ்கர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "வேற லூப்லேர்ந்து எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டிடலாம் மேடம். 'மண்'ணு அஞ்சாவது லூப்ல இருக்கு, 'போகட்டும்' பதினொண்ணுல இருக்கு. அவருக்குத் தெரியவே தெரியாது."

சரி என்றேன். அதை மறைத்து எழுத விருப்பமில்லை. ஜெயந்தியை நினைத்துக்கொண்டு, சரி என்றுதான் சொன்னேன்.

பாஸ்கர் ஒட்ட ஆரம்பித்தார். "முளை... முளைக்... காமல்..." என்று சீரங்கனின் குரல் துண்டு துண்டாகத் திக்கியது. நிமிர்ந்தபோது வாசற்படியில் நல்லம்மா நின்றுகொண்டிருந்தார். கணவர் மறந்துவிட்டுப் போன துண்டை எடுக்க வந்தவர்.

"அவரு காட்டுல இருக்காரு. இங்க யாருங்க ஆபீசரம்மா பேசறது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூட்டை மேல் உட்கார்ந்து கதை கேட்டார்.

"அந்த ஆளு சொன்னதும் காடு காயுதுங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம்?"

"பையன் மறுபடி பச்சையாக்கிடுவான்."

"அப்பக் காடு சாவலீங்க. இந்த ஆளு போறப்ப பச்சையையும் கூடவே கூட்டிட்டுப் போறாரு. பையன் போயித் திருப்பிக் கூட்டியாறான். அதையே சொல்லச் சொல்லுங்களேன். சபிச்சுச் செத்துப்போனத யாருங்க கூட்டியாரது?"

காகிதத்தை எடுத்தேன். திரையில் துருவேந்தனின் உதடு நாலு இடத்தில் ஒட்டுகிறது. கடைசியில் மூடியபடி நிற்கிறது. ப, ம இரண்டும்தான் உதட்டை ஒட்டவைக்கும் எழுத்துகள். எழுதினேன்: "நான் போகிறேன். என் பின்னால் பச்சையெல்லாம் வரும்." போ, பி, ப. நாலாவதாக 'வரும்' என்பதில் 'ம்'. வாய் மூடிவிட்டது.

பாஸ்கர் ஒட்டியதை அவராகவே அழித்தார்.

சீரங்கன் நனைந்தபடி வந்தார். வசனத்தை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்தார். காகிதம் வேண்டாம், பன்றி வேண்டாம் என்றார். கத்தவும் இல்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவரைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். ஒரே டேக். அறையில் யாரும் தும்மவில்லை.

ஃபைலை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிருத்திகா கூப்பிட்டாள்.

"மேடம், இங்க என் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தமிழே தெரியாது. கேட்டுட்டு ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டாரு. பயமா இருக்காம். ஓகே பண்ணிட்டாங்க."

வசனம் ஒருவர் வாயில் வரவில்லை என்றால் நான் எப்போதும் ஆளைத்தான் மாற்றுவேன். எழுதிய தாளையும் ஒரு தரம் பார்க்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

6. ஞாயிற்றுக்கிழமை

கடைசி எபிசோட் ஒரு ஞாயிறு காலையில் ஒளிபரப்பானது. சீரங்கன் வீட்டில்தான் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தரை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். துருவேந்தன் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் திரும்பிச் சீரங்கனைப் பார்த்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவர் தோட்டத்து விளைச்சலைப் பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துருவேந்தன் தன் வசனத்தைச் சொல்லிவிட்டு விழுந்தான். வயல் கருகத் தொடங்கியது. சீரங்கன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, இன்னும் முடியலீங்க. உக்காருங்க!" என்றேன்.

"நம்ம வேல முடிஞ்சுதுங்களே. மீதிய அந்தப் பையன் பாத்துக்குவான்."

போயே விட்டார். கதிர் மண்ணில் கை வைத்ததையும், புல் துளிர்த்ததையும், ஜெயந்தி குரல் நடுங்க விடைபெற்றதையும் அவர் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன், அழுதேன்.

மறுநாள் கிருத்திகா புதுத் தொடர் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மூன்று சீசன் உறுதி என்றாள். வசனம் எழுத ஜெயந்தியைக் கேட்டுப் பார், நாலு வருடமாக வாயசைவுக்குப் பேசுகிறவள், அவளுக்கு எழுதவும் நன்றாக வரும் என்றேன்.

"ஏன் மேடம், எங்க மேல எதாவது வருத்தமா?"

அப்படியெல்லாம் எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் எப்படி நுழைவது, எங்கே மூச்சு விடுவது, எந்த எழுத்தில் வாய் மூடுவது என்று எனக்குப் பலர் சொல்லித் தந்திருக்கிறார்கள். எழுந்து போவதற்கு இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஒரே பாடம், அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்ததுதான்.

"வருத்தம் ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "என் வேலை முடிஞ்சுது."